எதிர்த்தரப்புக்காக எழுதினால் துரோகமா?

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. பெயர், ஊர், கல்லூரி எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு இவருக்குத்தான். உள்ளூர்ப் பட்டிமன்றங்களிலும் பேசியிருக்கிறார். வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார்கள். 2017 ஜனவரியில் மதுரை தமுக்கம் மைதானத்தில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து நடந்த போராட்டத்துக்கு அப்பா இவரைக் கையோடு கூட்டிப் போயிருக்கிறார். போன பருவத்தில் 'ஜல்லிக்கட்டைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா?' என்று உள்மதிப்பீட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தனக்கென்றே கொடுத்த தலைப்பு என்று நினைத்து ஆசை ஆசையாக எழுதினார். கிடைத்தது 20-க்கு 7. ஓரங்களில் 'சான்று?' என்றும், 'இதிலிருந்து அது எப்படி வருகிறது?' என்றும் குறிப்புகள். கடைசிப் பக்கத்தில், 'முழக்கம் இருக்கிறது, வாதம் இல்லை.'

இப்போது அதைவிடப் பெரிய சங்கடம். இந்தப் பருவ மூட் கோர்ட்டிலும், அதாவது மாணவர்கள் வக்கீல்களாக நின்று வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்திலும், அதே பிரச்சினையை ஒட்டிய கற்பனை வழக்கு. குலுக்கலில் இவருக்கு விழுந்தது, ஜல்லிக்கட்டுக்குத் தடை கேட்கும் விலங்கு நல அமைப்பின் தரப்பு. வீட்டில் சொன்னபோது அப்பா பதில் பேசாமல் எழுந்து போய்விட்டாராம். 'அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது' என்கிறார். தரப்பை மாற்றிக் கேட்கலாமா? மதிப்பெண் கொடுத்த ஆசிரியை தெருநாய்களுக்குச் சோறு போடுபவர், அதனால்தான் குறைத்துவிட்டாரோ, மறுமதிப்பீடு கேட்க உரிமை உண்டா? மூட் கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய எழுத்து வாதமான மெமோரியலைச் சாட்பாட்டிடம் கொடுத்து எழுதி வாங்கிவிடு என்று தோழி சொல்கிறாள், சரியா? கடைசியாக, 'விமர்சனச் சிந்தனை என்றால் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பதுதானே? இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது வருகிறது, எனக்கு வராது போலிருக்கிறது' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

கட்டுரையின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு மொழி இருக்கிறது. வாடிவாசலில் காளை வந்து நிற்கும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு மறக்க முடியவில்லை. ஆனால் ஆசிரியை ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு நான் உடன்படுகிறேன். அதிலும், 'இதிலிருந்து அது எப்படி வருகிறது?' என்ற கேள்வியை அவர் உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்னவென்று அந்த ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். விமர்சனச் சிந்தனை குற்றம் கண்டுபிடிப்பது என்று நினைக்கிறீர்கள். நான் பழகியவரை, அது முதலில் நம்முடைய சொந்த வாக்கியத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம். அடுத்தவர் வாக்கியத்திடம் பிறகு போகலாம்.

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில்

உங்கள் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவுதல் வருகிறது, காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் மறுமையிலும் தழுவமாட்டாள் என்று பாட்டு சொல்கிறது, ஆகவே ஜல்லிக்கட்டைத் தடை செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டு இருப்பது உண்மை. தடை கூடாது என்பது உங்கள் முடிவு. நடுவில் நீங்கள் எழுதாமல் விட்ட வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'பழைய இலக்கியத்தில் இருக்கும் வழக்கம் எல்லாம் இன்றும் தொடர வேண்டும்.' அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புறநானூற்றின் 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, தடுக்கும் சான்றோரைக் கடிந்துவிட்டுக் கணவனின் ஈமத்தீயில் இறங்கத் துணிகிறாள். அதுவும் பழைய இலக்கியம்தான். அந்த வழக்கம் தொடர வேண்டும் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். அப்படியானால் பழமை மட்டும் போதாது. ஜல்லிக்கட்டைக் காப்பாற்ற வேறு காரணமும் வேண்டும், அதைத் தேடி எழுத வேண்டியது உங்கள் வேலை.

எழுதாமல் விட்ட இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. கலித்தொகை பாடும் ஏறுதழுவுதலும் இன்றைய வாடிவாசல் ஜல்லிக்கட்டும் ஒன்றேதான் என்பது. இது தானாகத் தெரிகிற விஷயம் அல்ல. பாருங்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த தீர்ப்பே ஏறுதழுவுதலை எடுத்துப் பேசுகிறது. தமிழ் மரபு காளையைத் தழுவுவது, அடக்கி மனித வீரத்தைக் காட்டுவது அல்ல என்கிறது. நீங்கள் உங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக நிறுத்திய அதே மரபை எதிர்ப்பக்கம் தன் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டது. நடுவில் உள்ள வாக்கியத்தை நீங்கள் கட்டாமல் விட்டால், எதிரில் இருப்பவர் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்வார்.

ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958-ல் இந்த நடுவாக்கியத்துக்குத் தனி இடம் கொடுத்து வாதத்தின் அமைப்பை விளக்கினார். கோரிக்கை, அதற்கான சான்று, சான்றையும் கோரிக்கையையும் இணைக்கும் நியாயம், அந்த நியாயத்துக்கு ஆதாரம், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்ற அளவு, எந்தச் சூழ்நிலையில் இது செல்லாது என்ற விலக்கு. உலகம் முழுக்கக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் இந்த ஆறும் இருக்கின்றன. வாதத்தைப் புரிந்துகொள்ளக் கணிதத்தைவிட நீதிமன்ற நடைமுறைதான் நல்ல முன்மாதிரி என்று கருதியவர் அவர். சட்ட மாணவிக்கு அவர் அந்நியர் இல்லை.

மற்ற வாதங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜல்லிக்கட்டின் பழமைக்கு நீங்கள் காட்டிய மொகஞ்சதாரோ முத்திரையை விட்டுவிடுங்கள். அதில் வரைந்திருப்பது என்ன என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை, உங்கள் வழக்குக்கு அது தேவையும் இல்லை. 'தடைக்குப் பிறகு நாட்டு மாடுகள் அழிந்தன' என்பதில் பிசகு வேறு மாதிரி. உழவுக்கு டிராக்டர், இறைவைக்கு மோட்டார், பாலுக்கு ஜெர்சிக் கலப்பினம் என்று வந்ததில் நாட்டு மாட்டின் தேவை 2014-க்கு வெகுகாலம் முன்பே குறையத் தொடங்கிவிட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் இந்த வாதத்தைத் தூக்கி எறியாதீர்கள், அளவைக் குறைத்துச் சொல்லுங்கள். 'சிவகங்கை, மதுரைப் பகுதியில் புலிக்குளம் காளைகளை வளர்ப்பவர்கள் செலவைத் தாங்கி வைத்திருக்க ஜல்லிக்கட்டும் ஒரு காரணம்' என்றால் நிற்கும். அதற்குக் கால்நடைக் கணக்கெடுப்பின் இனவாரி எண்ணிக்கையையும், வளர்ப்பவர்கள் சொல்வதையும் சான்றாக வைக்கலாம்.

மூன்றாம் பக்கத்து 'அந்நியச் சதி' பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விலங்கு உரிமை அமைப்பான பீட்டா 2014 வழக்கில் ஒரு தரப்பாக இருந்தது உண்மை. ஆனால் வழக்கின் பெயரைப் படித்திருந்தால் முன்னால் நிற்பது இந்திய விலங்கு நல வாரியம் என்று தெரிந்திருக்கும். 1960-ஆம் ஆண்டு விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, 1962-ல் அமைந்த இந்திய அரசின் சட்டபூர்வ அமைப்பு அது. அதன் முதல் தலைவர் ருக்மணி தேவி அருண்டேல், மதுரையில் பிறந்தவர். மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அந்தச் சட்டத்துக்கு முன்னோடி. சொல்பவர் யார் என்று காட்டிவிட்டால் சொன்னது பொய்யாகிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சொல்பவர் யார் என்பதிலும் தவறு நேர்ந்திருக்கிறது.

இரண்டு தீர்ப்புகளை அருகருகே வையுங்கள்

நீங்கள் கட்டுரையில், ஜல்லிக்கட்டை அனுமதித்த 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்: 'இறுதியில் பண்பாடே வென்றது.' தீர்ப்பைப் படிக்காமல் செய்தித் தலைப்பைப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இதில்தான் நீங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2014 மே 7-ஆம் தேதி நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு, தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்றது. எதை வைத்து? 2013 ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் நடந்தவற்றைப் பார்த்து விலங்கு நல வாரியம் கொடுத்த அறிக்கை அதில் முக்கியமானது. வாலை முறுக்குதல், கடித்தல், காதை அறுத்தல், கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தடவுதல் என்று இடமும் நாளும் குறித்த விவரங்கள். எதிரில், பண்பாடு என்ற வாதம் அந்த விவரங்களில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. சான்றுக்குச் சான்றால் பதில் வராதபோது அது நிலைத்துவிடும்.

அப்புறம் 2017. தமுக்கத்தில் நீங்கள் இருந்த அந்த ஜனவரியில், 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு அளவில் திருத்தம். பின்பு குடியரசுத் தலைவரின் ஒப்புதல். காளைக்கு மருத்துவப் பரிசோதனை, களத்தின் அமைப்பு, தடுப்புகள், ஆட்சியரின் அனுமதி என்று விதிகளும் வந்தன. 2023 மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைச் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அனிருத்தா போஸ்.

இப்போது கவனியுங்கள். ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பிரிக்க முடியாத பகுதி என்று நீதிமன்றம் தானே ஆராய்ந்து முடிவு கட்டவில்லை. குறைந்தது ஒரு நூற்றாண்டாக நடந்து வருகிறது என்ற அளவில் ஏற்றுக்கொண்டது. அதற்குமேல் விரிவான சமய, சமூக, பண்பாட்டு ஆய்வு வேண்டும், அது நீதிமன்றம் செய்யக்கூடிய வேலை இல்லை, சட்டமன்றம் அதைப் பண்பாட்டு மரபு என்று கண்டிருக்கும்போது அந்தக் கருத்தைக் கலைக்க மாட்டோம் என்றது. இன்னொன்று, 2017 திருத்தமும் விதிகளும் சேர்ந்து காளைக்கு நேரும் துன்பத்தைக் கணிசமாகக் குறைத்துவிட்டன, 2014-ல் இருந்த நிலைமை இப்போது இல்லை என்றது. ஆக வென்றவை இரண்டு வாதங்கள்: இதை யார் தீர்மானிக்க வேண்டும் என்பது ஒன்று, சூழ்நிலை மாறிவிட்டது என்பது மற்றொன்று. ஐயாயிரம் ஆண்டு என்ற முழக்கம் அந்த இரண்டிலும் இல்லை.

உங்கள் கட்டுரையில், 'ஐயாயிரம் ஆண்டுப் பண்பாட்டை ஒரு தீர்ப்பால் அழித்துவிட முடியுமா?' என்று ஒரு வரி. மேடையில் இதற்குக் கைதட்டல் விழும். நீதிபதி 'முடியாது என்பதற்குக் காரணம் சொல்லுங்கள்' என்பார். அதே உணர்வை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'கலித்தொகையின் முல்லைத்திணைப் பாடல்கள் காளையைத் தழுவும் வழக்கத்தைப் பாடுகின்றன. இன்றைய ஜல்லிக்கட்டு மாறாமல் அதே வடிவில் தொடர்ந்து வந்தது என்று இந்தப் பாடல்களை மட்டும் வைத்து நிறுவ முடியாது. ஆனால் இப்பகுதி மக்கள் இதைத் தங்கள் மரபின் தொடர்ச்சியாகக் கருதுகிறார்கள் என்பதை 2017-ல் சட்டமன்றம் ஏற்றுச் சட்டமாக்கியது. துன்புறுத்தலைத் தடுக்கும் விதிகள் களத்தில் கடைப்பிடிக்கப்படும்வரை, அந்த முடிவில் நீதிமன்றம் தலையிடக் காரணம் இல்லை. விதிகள் மீறப்படும் இடத்துக்கு இந்த வாதம் பொருந்தாது.'

சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் இதை உடைக்க எதிர்த்தரப்பு வியர்வை சிந்த வேண்டியிருக்கும். மூன்றாவது வாக்கியத்தை ஏற்க வைக்கத்தான் இரண்டாவது வாக்கியத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறோம். கடைசி வாக்கியத்தில் வாதத்தின் எல்லையை நாமே கோடு போட்டுக் காட்டியதால், எதிராளி காட்டுவதற்கு அது மிச்சமில்லை. உணர்ச்சியை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வாடிவாசல் பத்தியை வையுங்கள். அது எதைக் காட்ட அங்கே இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள்.

அப்பாவும் மூட் கோர்ட்டும்

துரோகம் என்ற சொல் உங்களை எவ்வளவு வருத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. அதனால் இதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் முன் மூன்று வழிகள். தரப்பை மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, ஆனால் குலுக்கலில் விழுந்ததை மாற்றினால் இன்னொருவருடையதையும் மாற்ற வேண்டும், பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பேசாமல் விலகிவிடலாம். இதை நான் சொல்லமாட்டேன். பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகளில் மூட் கோர்ட் கட்டாயமான செய்முறைத் தாளின் பகுதி. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், எழுத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5. விலகினால் அதுவும் போகும், நாளைக்கும் இதே பயம் இருக்கும். மூன்றாவது, எடுத்துக்கொண்டு முழு மனதோடு செய்வது. நான் இதைத்தான் சொல்வேன்.

காரணம், நீங்கள் சேரப்போகும் தொழிலின் அடிப்படையே இது. கட்சிக்காரரோடு உடன்படுகிறவர் மட்டுமே அவருக்காக வாதாடலாம் என்று வைத்தால், ஊர் வெறுக்கும் மனிதருக்கு வக்கீலே கிடைக்கமாட்டார். கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: குறிப்பிட்ட ஒருவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது. ஒரு தரப்பை முன்வைப்பது வேறு, அதை நம்புவது வேறு. இரண்டும் ஒன்று என்ற உங்கள் எண்ணத்தில்தான் 'துரோகம்' நுழைந்திருக்கிறது.

நம் நூல்களிலும் இது பழைய பாடம். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார், நூல் எழுதுகிறவர் மேற்கொள்ளும் ஏழு வகை மதங்களை, அதாவது கொள்கைகளை, சொல்கிறார். உடன்படல், மறுத்தல் என்ற இரண்டையும் அடுத்து மூன்றாவதாக வருவது 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே.' பிறருடைய கொள்கையை முதலில் தன்னுடையதாக மேற்கொள்ள வேண்டும், அதன் பிறகே களைய வேண்டும். மறுத்தலை இதிலிருந்து தனியாகவே வைத்திருக்கிறார். எதிர்க்கட்சியைப் பலவீனமாக எழுதி வைத்துக்கொண்டு அதை அடிப்பது, மாட்டுக்குப் பதிலாக வைக்கோல் பொம்மையை வாடிவாசலில் விட்டுப் பிடிப்பது மாதிரி. விலங்கு நல வாரியத்தில் வேலை செய்யும் ஒருவர் படித்துவிட்டு, 'ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் எழுத வேண்டும்.

அப்படி எழுத வழி எங்கே என்று கேட்பீர்கள். நான் மேலே சொன்ன 2023 தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பை மூட் கோர்ட்டில் 'தவறு' என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அது எந்த அடித்தளத்தில் நிற்கிறதோ அங்கே போங்கள். விதிகள் துன்பத்தைக் குறைத்துவிட்டன என்பது அந்த அடித்தளம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் வழக்குக் குறிப்பில் விதிகள் மீறப்பட்டதாகவோ, பரிசோதனை பெயருக்கு நடந்ததாகவோ ஏதாவது சங்கதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் வழக்கு அங்கே இருக்கிறது: 'தீர்ப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. அது வைத்த நிபந்தனை இங்கே இல்லை என்கிறோம்.' கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3, 11-ஆம் பிரிவுகளும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக்கும் அரசமைப்பின் 51ஏ(ஜி) பிரிவும் அதற்குப் பின்னால் வரும்.

ஒரு எச்சரிக்கை. மூட் கோர்ட்டில் குறிப்பில் உள்ள சங்கதிகள் மட்டும்தான் சங்கதிகள். உங்கள் வீட்டுத் தொழுவத்திலோ ஊர்க் களத்திலோ பார்த்த எதையும் நீங்கள் சாட்சியாகக் கொண்டுவர வேண்டியதில்லை, கொண்டுவரவும் கூடாது. அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவர் எழுந்து போனதற்கு, மகள் கல்லூரியில் நம் வீட்டைப் பற்றிப் பேசப்போகிறாள் என்ற பயம்கூடக் காரணமாக இருக்கலாம். அதோடு, காளையைத் துன்புறுத்துவது பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளையைப் போல வளர்த்த காளையின் வாலை யாரோ முறுக்குவதைப் பார்த்துச் சும்மா இருக்கும் வளர்ப்பவரை நான் பார்த்ததில்லை. எதிர்த்தரப்பு வாதத்தின் முதல் பாதியில் உங்கள் அப்பாவே நிற்கக்கூடும்.

மதிப்பெண்ணைப் பற்றி

ஆசிரியை தெருநாய்களுக்குச் சோறு போடுகிறார், ஆகவே ஜல்லிக்கட்டுக்கு எதிரானவர், ஆகவே மதிப்பெண்ணைக் குறைத்தார். இதிலும் நடுவில் விட்ட வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள். அவர் எழுதிய குறிப்புகளில் ஒன்றுகூட உங்கள் முடிவு தவறு என்று சொல்லவில்லை. முடிவுக்கு வந்த வழியைத்தான் கேட்கிறது. ஜல்லிக்கட்டுக்கு ஆதரவாக எழுதிய வேறு யாருக்காவது நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறதா என்று விசாரித்தால் உங்கள் சந்தேகத்துக்கு உடனே ஒரு சோதனை கிடைத்துவிடும்.

உரிமை உண்டா என்றால், உண்டு. மதிப்பிட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதியவரே பார்க்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சிபிஎஸ்இ வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீடு வேறு. மறுமதிப்பீட்டுக்கு உங்கள் பல்கலைக்கழக விதி இடம் கொடுக்க வேண்டும். நியாயமற்ற மதிப்பீடு நடந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் போகலாம். இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது சோறு போடும் சங்கதி மட்டும். அதை வைத்துப் புகார் கொடுத்தால் புகார் நிற்காது, பாடம் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒருவரோடு உறவு கெடும். கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், 'மேடம், இந்த இடத்தில் என்ன எழுதியிருந்தால் வாதம் ஆகியிருக்கும்?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல மறுத்தாலோ, உங்கள் கருத்தைக் குறை சொன்னாலோ, அப்போது எழுத்தில் கேட்பதைப் பற்றி யோசிக்கலாம்.

சாட்பாட்டும் இங்கிலீஷ் மீடியமும்

தோழியின் யோசனையை ஏற்காதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லை. பெயர், எண், மேற்கோள் எல்லாம் கற்பனை. கல்லூரியில் பிடிபட்டால் மதிப்பெண் மட்டும் போகாது. அதைவிட, மெமோரியலை யார் எழுதினாலும் பெஞ்சுக்கு முன் நிற்கப்போவது நீங்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நீங்களே எழுதி முடித்த பிறகு, 'இதில் பலவீனமான இடம் எது, நீதிபதி என்ன கேட்பார்?' என்று அதனிடம் கேட்பதைக் கல்லூரி அனுமதித்தால், அது நல்ல பயிற்சி. அப்போதும் அது சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

தமிழ்வழியில் படித்ததால் சிந்தனை வராது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் கட்டுரையில் இல்லாமல் போனது இங்கிலீஷ் அல்ல. நடுவாக்கியம் எந்த மொழியிலும் நடுவாக்கியம்தான். மெமோரியலின் ஒவ்வொரு வாதத்தையும் முதலில் தமிழில், ஒரே வாக்கியத்தில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம்பிக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். அதன் கீழே சான்று, அதன் கீழே இணைக்கும் நியாயம், அதன் கீழே எதிர்த்தரப்பு சொல்லப்போகும் பதில். இந்த நான்கும் தாளில் வந்த பிறகு இங்கிலீஷில் எழுதுங்கள். இங்கிலீஷ் திருத்தித் தர ஆள் கிடைப்பார். அந்த நான்கையும் நீங்கள்தான் யோசித்தாக வேண்டும்.

மேடைப் பேச்சை விட்டுவிடாதீர்கள். வாய்மொழி வாதத்தில் உங்கள் குரலும் துணிவும் உதவும். ஒன்று மட்டும் பழக வேண்டும்: பட்டிமன்றத்தில் யாரும் நடுவில் நிறுத்தமாட்டார்கள், இங்கே முதல் நிமிடத்திலேயே நிறுத்துவார்கள். நிறுத்தும்போது பேச்சைத் தொடராமல், கேட்ட கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தொடங்கிப் பதில் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து, இஷ்டத்துக்குக் குறுக்கிடச் சொல்லிப் பழகிப் பாருங்கள்.

முதல் வேலையாக 2014, 2023 தீர்ப்புகள் இரண்டையும் முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை வேண்டாம். எங்கேயாவது பிடிபடவில்லை என்றால் அந்தப் பத்தி எண்ணைக் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.